ஓணம் விடுமுறையில் இலங்கை: மலையா, குளமா, கடலா?

குமுளிச்சாரல் எழுதியது:

வணக்கம். குமுளிக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இந்த ஓணம் விடுமுறைக்கு இலங்கை போவதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. நான், கணவர், ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள், எழுபதை நெருங்கும் மாமியார். காடு, விலங்கு, பறவை, கடல் இவற்றுக்காகவே போகிறோம். கடைத்தெருவும் நீச்சல்குளம் வைத்த விடுதியும் வேண்டாம். மாமியாருக்கு ஒரு கோயிலாவது இருந்தாக வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை.

முகவர் ஒருவர் திட்டம் எழுதித் தந்திருக்கிறார்: கொழும்பு, பின்னவல, கண்டி, நுவரெலியா, எல்ல, யால, மிரிஸ்ஸவில் திமிங்கிலம், காலி, மறுபடி கொழும்பு. ஒவ்வொரு இரவும் ஒவ்வோர் ஊர். தாளில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள்.

போடிமெட்டு வளைவு எழுதியது:

டீச்சர், முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். இது டிசம்பர், ஜனவரிக்குப் போடுகிற திட்டம். மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கிற காலம் நவம்பர் கடைசியில் தொடங்கி ஏப்ரலோடு முடியும். ஆகஸ்டில் அந்தப் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும். படகில் ஏறினால் மாமியாருக்கு எலுமிச்சம்பழம் கொடுத்துக் கொடுத்தே பொழுது போய்விடும். வேன் ஓட்டிப் பிழைக்கிறவன் இன்னொன்றும் சொல்கிறேன்: இரவுக்கு ஓர் ஊர் என்று போனால் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது வேன் ஜன்னலைத்தான்.

கோவிந்தாபுரம் சாலை எழுதியது:

இலங்கை எதற்கு? அந்தமான் போங்கள். பாஸ்போர்ட் வேண்டாம், பணம் மாற்ற வேண்டாம், கடலும் காடும் அங்கேயும் இருக்கின்றன.

தேக்கடிப் படகுத்துறை எழுதியது:

கோவிந்தாபுரத்துக்காரரே, ஓணம் நேரத்தில் அந்தமானும் தென்மேற்குப் பருவமழையில்தான் நனைந்துகொண்டிருக்கும். கடல் சீறினால் தீவுக்குத் தீவு போகிற கப்பலை நிறுத்திவிடுவார்கள். போர்ட் பிளேயர் விடுதியில் உட்கார்ந்து மழை பார்ப்பதற்குக் குமுளியிலேயே இருந்துவிடலாம், செலவு மிச்சம்.

டீச்சர், முதலில் மாதத்தை வைத்துக்கொண்டு யோசியுங்கள், ஊர்ப் பெயர்களைப் பிறகு எழுதலாம். இலங்கை மொத்தமே 65,610 சதுர கிலோமீட்டர். கேரளத்தைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். ஆனால் நடுவில் மலை நிற்பதால் இரண்டு பருவமழையும் நாட்டை இரண்டாக வகுத்துவிடுகின்றன. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. கொழும்பு, காலி, சிங்கராஜ காடு, மலையின் மேற்குச் சரிவு எல்லாம் நனையும். மலையைத் தாண்டிய காற்றில் ஈரம் இருக்காது. குமுளியில் குடை பிடித்துக்கொண்டு பஸ் ஏறி, லோயர் கேம்ப்பில் இறங்கும்போது கம்பம் பள்ளத்தாக்கில் வெயில் கொளுத்துகிறதே, அங்கேயும் அதே கணக்குத்தான். ஆகவே ஆகஸ்ட், செப்டம்பரில் உங்களுக்கு உரியது வடமத்தியும் கிழக்குக் கரையும். ஹபரண, மின்னேரியா, வில்பத்து, திருகோணமலை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்று வரும்போது இது தலைகீழாகும். முகவர் இதைத் தெரியாமல் எழுதினாரா, தெரிந்தே எழுதினாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

உங்கள் விடுமுறைக்கென்றே ஒரு காட்சி காத்திருக்கிறது. மின்னேரியா குளம் 3ஆம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் கட்டியது. ஜூலையிலிருந்து தண்ணீர் வற்றத் தொடங்கும். வற்றிய படுகையில் பச்சைப் புல் முளைக்கும். சுற்றியுள்ள காடுகள் காய்ந்து கிடக்க, அந்தப் புல்லுக்கும் தண்ணீருக்குமாக யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் 200, 300 யானைகள் ஒரே படுகையில் நிற்பதுண்டு. ஆசியாவில் காட்டு யானைகள் இத்தனை ஒன்றாகக் கூடும் இடம் வேறு கிடையாது என்றே சொல்வார்கள். நம் பெரியாறு ஏரியிலும் கோடையில் நீர்மட்டம் இறங்கினால்தான் யானை கரைக்கு வரும் என்பது படகில் போனவர்களுக்குத் தெரியும். அங்கே அதே சங்கதி பன்மடங்கு பெரிய அளவில் நடக்கிறது.

ஒரு சிக்கலும் உண்டு. மொரகஹகந்த அணை வந்தபிறகு சில ஆண்டுகளில் பாசனத்துக்கென்று மின்னேரியாவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். கோடையிலும் குளம் நிறைந்து நின்றால் புல் முளைக்க இடமில்லை, யானையும் வராது. முல்லைப் பெரியாறு அணையில் 136 அடியா, 142 அடியா என்று தினமும் பேப்பரில் பார்க்கிற நமக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஆண்டில் கூட்டம் பக்கத்திலுள்ள கவுடுல்லவுக்கோ ஹுருலு காட்டுக்கோ நகர்ந்துவிடும். மூன்றும் ஹபரணவைச் சுற்றியே இருக்கின்றன. எந்தப் பூங்கா என்று முன்னாலேயே சீட்டு எழுதி வைக்காதீர்கள். அன்று மதியம் ஜீப்காரர்களைக் கேட்டால் யானை எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

பின்னவல யானைக் காப்பகத்தைத் திட்டத்திலிருந்து அடித்துவிடுங்கள். சங்கிலி போட்ட யானையைப் பார்ப்பதற்குத் தேக்கடிக்காரர்கள் கடல் தாண்ட வேண்டுமா?

மூணாறு கொழுந்து எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் மலையகத்தை இப்படி ஒரே கோடாக அடித்துவிட்டுப் போகிறீர்களே, அது எனக்கு ஒப்பவில்லை. எங்கள் பாட்டியின் தங்கை குடும்பம் மஸ்கெலியாவில் இருந்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, தோட்டத் தமிழர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இங்கே அனுப்புவது, மூன்று லட்சம் பேருக்கு அங்கே குடியுரிமை கொடுப்பது என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் இங்கே, தம்பி அங்கே. இலங்கைக்குப் போய்விட்டுத் தேயிலைத் தோட்டத்தைப் பார்க்காமல் திரும்புவது முறையா?

இயற்கை என்றாலும் ஹோர்டன் சமவெளிக்கு ஈடு எது? 2,100 மீட்டருக்கு மேல் புல்வெளி, நடுநடுவே சோலைக்காடு, கடமான், ‘உலக முடிவு’ என்று ஏறக்குறைய 870 மீட்டருக்குச் செங்குத்தாக இறங்கும் பாறை விளிம்பு.

தேக்கடிப் படகுத்துறை எழுதியது:

மறுக்கவில்லை தம்பி. ஆனால் அந்த விளிம்பிலிருந்து பள்ளத்தைப் பார்க்க ஏற்ற மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரைதான். அப்போதும் காலை ஒன்பது, பத்து மணிக்குள் போய்விட வேண்டும். பிறகு மூடுபனி ஏறிவிடும். ஆகஸ்டில் பெரும்பாலும் வெள்ளைத் திரைதான் தெரியும். சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீட்டருக்கு மேல். எழுபது வயது முழங்காலுக்கு அது ஆகாது. இன்னொன்று, புல்வெளியும் சோலையும் உங்கள் வாசலிலேயே இருக்கின்றன. இரவிகுளத்தில் குறிஞ்சி பூக்கிறது, அங்கே அதன் உறவான நெலு பூக்கிறது; சில வகைகள் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பதுகூட ஒன்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் ஒரே பல்லுயிர் மண்டலமாகத்தான் அறிவியலாளர்கள் எண்ணுகிறார்கள். இடுக்கியில் குடியிருப்பவர் கைக்காசைச் செலவழித்து எதைப் பார்க்க வேண்டும் என்றால், இங்கே கிடைக்காததைப் பார்க்க வேண்டும் என்பேன். வறண்ட மண்டலத்துக் குளக்காடு நம்மிடம் இல்லை. பட்டப்பகலில் ஜீப் தடத்தில் நடந்துபோகிற சிறுத்தை நம்மிடம் இல்லை. பவளப்பாறைக்கு மேல் மிதந்து பார்க்கிற கடல் நம் பக்கத்தில் இல்லை.

போடிமெட்டு வளைவு எழுதியது:

மலைப்பாதை பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டது நினைவிருக்கும். நிலச்சரிவில் சாலையும் ரயில் பாதையும் பல இடங்களில் போய்விட்டன. கண்டியிலிருந்து எல்லவுக்கு ரயிலில் போவோம், ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுப்போம் என்று யாராவது ஆசை காட்டினால், எந்தப் பகுதி வரை ரயில் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மூணாறு கொழுந்து எழுதியது:

நினைவில்லாமல் இருக்குமா? 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் தொழிலாளர் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். டித்வா செய்தி வந்த அன்று எங்கள் எஸ்டேட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சரி, ஓணத்துக்கு மலை வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டீச்சர், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒருமுறை மலையகம் போய் வாருங்கள். டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் வரை சிவனொளிபாத மலை ஏறும் காலம். இரவெல்லாம் விளக்குப் போட்டிருப்பார்கள். மாமியாரை ஹட்டனில் விட்டுவிட்டு நீங்கள் ஏறலாம்.

செங்கோட்டை அண்ணாச்சி எழுதியது:

பறவை பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே!

இலங்கையில் மட்டுமே வாழும் பறவை இனங்கள் முப்பதுக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை ஈரக்காட்டுப் பறவைகள். சிங்கராஜ போகாமல் அவற்றைப் பார்க்க முடியாது. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த காடு அது. நீல வால்காக்கை, செம்முகப் பூங்குயில், இன்னும் பல இனங்கள் ஒன்றாகக் கலந்து ஒரே ஊர்வலமாக இரை தேடிப் போகும். அந்த ஊர்வலம் வந்தால் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தெரியாமல் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். செரண்டிப் ஆந்தை என்று ஒன்று இருக்கிறது. 2001இல்தான் கண்ணில் பட்டது, 2004இல் புதிய இனமென்று எழுதினார்கள். இத்தனை பெரிய பறவைக்கூட்டமும் ஆராய்ச்சியாளர்களும் இருந்தும் ஓர் ஆந்தை அதுவரை ஒளிந்திருந்தது என்றால் காடு எவ்வளவு அடர்த்தி என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் மழை சற்று ஓய்ந்து நிற்கும் நாட்கள் உண்டு. போகலாம்.

போடிமெட்டு வளைவு எழுதியது:

அண்ணாச்சி, சிங்கராஜ தென்மேற்கு மூலை. திருகோணமலை வடகிழக்கு மூலை. இரண்டையும் ஒரே விடுமுறையில் கட்டினால் நான் முதலில் சொன்ன ஜன்னல் கதைதான். அங்கே சாலை நன்றாக இருந்தாலும் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் என்றே கணக்குப் போட வேண்டும். அட்டைக்கடியை மாமியார் தாங்குவாரா?

குமுளிச்சாரல் எழுதியது:

அட்டைக்கு மாமியார் பயப்பட மாட்டார். ஏலத்தோட்டத்தில் வளர்ந்தவர், மூக்குப்பொடியைத் தடவிவிட்டு நடந்துகொண்டே இருப்பார். வேனில் உட்காருவதுதான் அவருக்கு ஆகாது.

மகளிடம் கேட்டேன். யானை, சிறுத்தை, சுறா என்று வரிசையாகச் சொன்னாள். ஆந்தை வரிசையில் வரவில்லை, அண்ணாச்சி மன்னிக்க வேண்டும். தட்டேக்காட்டுக்கு அழைத்துப்போய்த் தவளைவாயனைக் காட்டியபோதும் ‘காய்ந்த இலை மாதிரி இருக்கிறது’ என்று சொன்னவள் அவள்.

செங்கோட்டை அண்ணாச்சி எழுதியது:

இந்தத் தலைமுறை! போகட்டும். வறண்ட காட்டிலும் சிலவற்றைப் பார்க்கலாம். இலங்கைக் காட்டுக்கோழி அந்நாட்டின் தேசியப் பறவை. வில்பத்துவில் தடத்தோரமாகவே மேயும். நம் காட்டுக்கோழி சாம்பல் நிறம், அது செம்மஞ்சள். சேவலின் சிவப்புக் கொண்டைக்கு நடுவே மஞ்சள் திட்டு இருக்கும், அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். இலங்கைச் சாம்பல் இருவாச்சியும் ஹபரண பக்கம் வரும். வலசைப் பறவைகளை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மன்னாருக்குப் பூநாரை வருவதெல்லாம் குளிர்காலத்தில்தான்.

வண்டன்மேடு ஏலம் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அங்கிருந்து நல்ல இலவங்கப்பட்டை நாற்று நாலைந்து பையில் போட்டுக் கொண்டுவர முடியுமா? அசல் பட்டை அங்கே விளைவதுதான் என்கிறார்கள்.

தேக்கடிப் படகுத்துறை எழுதியது:

முடியாது. அனுமதிச் சான்று இல்லாமல் செடி, விதை, மண் எதையும் எல்லை தாண்டிக் கொண்டுவரக் கூடாது. 1869இல் இலங்கையில் ஒரு இலைத்துரு நோய் தொற்றி, அந்த நாட்டுக் காபித் தோட்டங்களே அழிந்து தேயிலைக்கு மாறின. உங்கள் ஏலத்துக்கு இருக்கிற நோய் போதாதா? கடற்கரையில் பவளம், சிப்பி பொறுக்குவதும் கூடாது. மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள் டீச்சர்.

கோவிந்தாபுரம் சாலை எழுதியது:

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருக்கிறார்களே, அதில் போனால் என்ன? யாழ்ப்பாணம், நெடுந்தீவுக் குதிரைகள், அப்படியே கீழே இறங்கித் திருகோணமலை. போகிற வழியெல்லாம் தமிழ்.

போடிமெட்டு வளைவு எழுதியது:

இந்தமுறை நல்ல யோசனையாகச் சொல்லியிருக்கிறீர்கள். 2023 அக்டோபரில் தொடங்கி நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள். ஆனால் குமுளியிலிருந்து நாகப்பட்டினம் போவதற்கே ஓர் இரவு வேண்டும். வேனே ஆகாத அம்மாவுக்கு அது தண்டனை. மதுரையிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேர விமானம் இருக்கிறது. குதிரைகள் எங்கும் ஓடிவிடாது, பிறகு பார்க்கலாம்.

குமுளிச்சாரல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முகவரின் தாளை மடித்து வைத்துவிட்டேன். இப்போது நாங்கள் நினைப்பது இது: மதுரையிலிருந்து கொழும்பு. விமான நிலையத்திலிருந்தே வடக்கே திரும்பி வில்பத்து வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு இரவு. பிறகு ஹபரணவில் மூன்று இரவு, அங்கிருந்தே மின்னேரியா அல்லது கவுடுல்ல. கடைசியாகத் திருகோணமலை, நிலாவெளியில் மூன்று இரவு. புறாத் தீவில் மகளுக்குச் சுறா, கோணேசுவரத்தில் மாமியாருக்குக் கோயில். சிறுத்தைக்கு யாலவை விட்டு வில்பத்துவைப் பிடித்தது சரிதானா? சிகிரியா பாறைக்கோட்டை ஏற வேண்டுமா?

தேக்கடிப் படகுத்துறை எழுதியது:

வில்பத்து சரியான தேர்வு. யாலவில் சிறுத்தைகள் அதிகம், ஜீப்புகள் அதைவிட அதிகம். செப்டம்பரில் அதன் முதல் பகுதியை வறட்சிக்காக மூடிவிடுவதும் வழக்கம். ஓணம் தள்ளி வந்தால் கதவு சாத்தியிருக்கும். வில்பத்து இலங்கையிலேயே பெரிய தேசியப் பூங்கா. போர்க்காலத்தில் மூடிக் கிடந்தது, 2010இல் மறுபடி திறந்தார்கள். ‘வில்லு’ என்று சொல்லும் இயற்கைத் தாழ்நிலங்கள் உள்ளே நிறைய இருக்கின்றன; மழைநீர் தேங்கி, கோடையில் சுருங்கும். ஆகஸ்டில் தண்ணீர் மிஞ்சியிருக்கும் வில்லுகளுக்கு அருகே எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். புலி இல்லாத நாடு என்பதால் சிறுத்தைதான் அங்கே ராஜா. நம் சிறுத்தை மாதிரி ஒளிந்து ஒளிந்து திரியாது. அதற்காக உத்தரவாதம் கேட்காதீர்கள். கரடியும் உண்டு, பாலைப்பழம் பழுக்கிற ஜூன், ஜூலையில் வந்தால் மரத்தடியிலேயே பார்க்கலாம், நீங்கள் போகும்போது அந்தப் பருவம் முடிந்திருக்கும்.

புறாத் தீவில் நீங்கள் பார்க்கப்போவது கருமுனைச் சுறா, ஆளைத் தொந்தரவு செய்யாது. பவளத்தின் மேல் கால் ஊன்றக் கூடாது என்பதை மட்டும் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஏற்கெனவே சூடேறிய கடலில் வெளுத்தும், வந்தவர்களின் மிதி பட்டும் பாதி செத்துக் கிடக்கிறது அந்தப் பவளம். உயிர்காப்பு மேலங்கி போட்டுக்கொண்டு காலை நேரத்திலேயே போங்கள்.

கோணேசுவரம் ஞானசம்பந்தர் பாடிய தலம். பழைய கோட்டைக்குள் நுழைந்துதான் மேலே போக வேண்டும். கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆடுமாடுபோலத் திரியும். மாமியாருக்கும் பேத்திக்கும் ஒரே இடத்தில் வேலை முடிந்தது. கன்னியாவில் வெந்நீர் ஊற்றுகள் ஏழு இருக்கின்றன, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிகிரியா பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். எனக்கு அங்கே குளவிக்கூடுகள்தான் ஞாபகம்.

மூணாறு கொழுந்து எழுதியது:

ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. திருவோணம் எப்போதும் ஆவணிப் பௌர்ணமியை ஒட்டியே வரும்; மறுநாள் அவிட்டம் என்று நமக்குத் தெரியும். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா, அரசு விடுமுறை. ஆகவே உங்கள் விடுமுறைக்குள் ஒரு போயா நாள் விழுவது ஏறக்குறைய நிச்சயம். ஆகஸ்ட் பௌர்ணமியாக இருந்தால் கண்டியில் எசல பெரஹர திருவிழா முடியும் நாள்; அந்த ஊரில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை வானத்தைத் தொடும். நல்லவேளை உங்கள் பாதையில் கண்டி இல்லை. ஆனால் போயாவும் வார இறுதியும் சேர்ந்தால் கொழும்புக்காரர்கள் மின்னேரியாவுக்கு வந்து குவிவார்கள். அன்று ஜீப் ஏறாமல் ஹபரணவில் ஓய்வெடுங்கள், அல்லது ரிட்டிகல காட்டுக்குப் போய் வாருங்கள். அனுமன் தூக்கிவந்த சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று அங்கே சொல்வார்கள். மாமியார் அடிவாரத்தில் ஒரு கும்பிடு போட்டுக்கொள்ளலாம்.

போடிமெட்டு வளைவு எழுதியது:

பணத்தைப் பற்றி. பூங்கா நுழைவுக் கட்டணம் என்று இணையத்தில் காட்டுவது தலைக்கு மட்டும். அதன்மேல் குழுவுக்குச் சேவைக் கட்டணம், வண்டிக் கட்டணம், வரி எல்லாம் ஏறும். ஜீப் வாடகை தனி. மொத்தம் எவ்வளவு என்று ஒரே தொகையாகக் கேட்டுப் பேசுங்கள். பல இடங்களில் சார்க் (தெற்காசிய) நாட்டினருக்குக் குறைந்த கட்டணம் உண்டு, பாஸ்போர்ட்டை விடுதியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். நுழைவு அனுமதியை அரசின் ஈ.டி.ஏ. (மின்னணுப் பயண அனுமதி) தளத்திலேயே எடுங்கள், அதே மாதிரித் தோற்றத்தில் போலித் தளங்கள் நிறைய. கட்டண விதியும் அடிக்கடி மாறுகிறது, டிக்கெட் எடுக்கிற வாரத்தில் ஒருமுறை பாருங்கள்.

குமுளிச்சாரல் எழுதியது:

மதுரை டிக்கெட் எடுத்தாயிற்று. சிகிரியாவைக் கீழே நின்று பார்ப்பதென்று முடிவு. கடைசியாக ஒன்று: ஜீப்பின் பின்பக்கம் ஏறுவது மாமியாருக்குச் சிரமமாக இருக்குமா?

போடிமெட்டு வளைவு எழுதியது:

இருக்கும். இருக்கைகள் உயரத்தில் இருக்கும், ஏணிப்படி செங்குத்து. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையை அம்மாவுக்கென்று பேசிவைத்துவிடுங்கள். ஆட்டமும் அங்கேதான் குறைவு. வில்பத்துவுக்கு அரை நாள் ஜீப் போதும், முழு நாள் எடுத்தால் இடுப்பு கேள்வி கேட்கும். புழுதிக்கு ஒரு பழைய பருத்தித் துண்டு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.